காலனி விட்டுப்போன பள்ளிக்கூடம்: எந்த மொழியில் நடத்துவது? மூன்று வழிகளின் அலசல்

1960 ஜூன் 30 அன்று பெல்ஜியத்திடமிருந்து காங்கோ விடுதலை பெற்றது. அன்றைக்கு அவ்வளவு பெரிய நாட்டில் பட்டம் வாங்கிய காங்கோ மக்கள் முப்பது பேர்கூடத் தேறவில்லை. ஆனால் தொடக்கப்பள்ளிகளில் பிள்ளைகள் லட்சக்கணக்கில் உட்கார்ந்திருந்தார்கள். அடியில் அகலத் திறந்த வாய், உச்சியில் ஊசித்துளை.

காலனியக் கல்வியின் மரபு எது என்று கேட்டால் நான் முதலில் இந்த வடிவத்தைத்தான் காட்டுவேன். ஆங்கிலமோ பிரெஞ்சோ அதற்கு அடுத்துத்தான். 1835இல் இந்தியாவில் பிரிட்டிஷ் அதிகாரியாக இருந்த மெக்காலே தன் கல்விக் குறிப்பில் இதை ஒளிவுமறைவின்றியே எழுதினார்: எல்லோருக்கும் கல்வி தர நம்மால் ஆகாது, ஆள்பவர்களுக்கும் ஆளப்படும் கோடிக்கணக்கானவர்களுக்கும் நடுவே நின்று மொழிபெயர்க்க ஒரு வகுப்பை உருவாக்கினால் போதும் என்பதே அதன் சாரம். பள்ளி ஒரு சல்லடை. மொழி அதன் கண்.

விடுதலைக்குப் பின் வந்த அரசுகளின் முன் மூன்று வழிகள் இருந்தன. ஆண்டவர் மொழியை அப்படியே வைத்துக்கொள்வது, நாட்டு மொழியை உச்சிவரை ஏற்றுவது, தாய்மொழியில் தொடங்கிப் பாதியில் மாறுவது. மூன்றையும் ஆதரிப்பவர்கள் உண்டு. நான் ஒவ்வொன்றையும் ஒரே கேள்வியால் அளக்கிறேன்: சல்லடையின் கண் பெரிதானதா?

அப்படியே வைத்துக்கொண்டவர்கள்

செனகல், ஐவரி கோஸ்ட் போன்ற நாடுகளில் பிரெஞ்சு தொடர்ந்தது. பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் அங்கே ‘சிம்போல்’ என்ற வழக்கம் இருந்தது. தாய்மொழியில் பேசி மாட்டிக்கொண்ட பிள்ளையின் கழுத்தில் ஒரு கட்டையையோ வேறு எதையாவதோ தொங்கவிடுவார்கள். அடுத்து யாராவது வாய் தவறிப் பேசினால்தான் அதை அவன் கழுத்துக்கு மாற்றிவிட்டுத் தப்பிக்கலாம். பள்ளி முடியும்போது யார் கழுத்தில் கிடக்கிறதோ அவனுக்குத் தண்டனை. தண்டனையைவிட, கூடப் படிப்பவனையே ஒற்றனாக்கியதுதான் அதன் கெட்டிக்காரத்தனம்.

இந்த வழிக்குச் சொல்லப்படும் காரணம் அலட்சியமாகத் தள்ளக்கூடியதல்ல. பல மொழிகள் உள்ள நாட்டில் ஒன்றைத் தூக்கினால் மற்றவர்கள் சண்டைக்கு வருவார்கள், வெளியார் மொழியென்றால் எல்லோருக்கும் சமதூரம் என்கிறார்கள். சரி, ருவாண்டாவைப் பாருங்கள். அங்கே ஏறக்குறைய எல்லோரும் கின்யாருவாண்டா பேசுகிறார்கள். ஆனாலும் 2008இல் பிரெஞ்சை விட்டு ஆங்கிலத்துக்குத் தாவ முடிவெடுத்தார்கள். பிரெஞ்சில் படித்த ஆசிரியர்கள் திடீரென ஆங்கிலத்தில் பாடம் நடத்த வேண்டியதாயிற்று. 2011இல் முதல் மூன்று வகுப்புகளுக்குத் தாய்மொழி வந்தது. 2019இல் அதையும் எடுத்துவிட்டு முதல் வகுப்பிலிருந்தே ஆங்கிலம் என்றார்கள். பல மொழிச் சிக்கலே இல்லாத நாடும் இதைச் செய்கிறது என்றால் சமதூரம் என்பது பாதிக் காரணம்தான். மீதிப் பாதி வணிகமும் வேலையும்.

‘போகப்போகப் பழகிவிடும்’ என்பவர்களுக்கு ஹைட்டிதான் பதில். 1804இல் விடுதலை அடைந்த நாடு. மக்கள் பேசுவது பிரெஞ்சிலிருந்து கிளைத்த கிரியோல், பள்ளி நடந்தது பிரெஞ்சில். தொடக்க வகுப்புகளுக்குக் கிரியோலைக் கொண்டுவரும் சீர்திருத்தம் 1970களின் கடைசியில்தான் தொடங்கியது. கிரியோலை ஆட்சிமொழியாக அரசியலமைப்பு ஏற்றது 1987இல். இத்தனை தலைமுறைக்குப் பிறகும் பிரெஞ்சைச் சரளமாகப் பேசுகிறவர்கள் அங்கே சிறுபான்மைதான்.

மொரீசியஸை எதிர் உதாரணமாகக் காட்டுவார்கள். வீட்டில் கிரியோல், பாடநூல் ஆங்கிலத்தில், பொதுத்தேர்வு இன்னும் கேம்பிரிட்ஜோடு சேர்ந்து. அப்படியும் முன்னேறியிருக்கிறதே என்பார்கள். சிறிய தீவு, 1977இலேயே இடைநிலைக் கல்வியை இலவசமாக்கிய அரசு. பள்ளிக்கு அள்ளிப் போட்டால் மொழியின் பாரத்தைக் கொஞ்சம் தாங்கலாம் என்பதற்கு அது சான்று. பாரமே இல்லை என்பதற்கு அல்ல.

உச்சிவரை ஏற்றியவர்கள்

இங்கே பளிச்சென்று தெரியும் வெற்றி இந்தோனேசியா. 1928 அக்டோபர் இளைஞர் உறுதிமொழியிலேயே பொதுமொழியை முடிவு செய்துவிட்டார்கள். ஆள்பலம் அதிகமுள்ள ஜாவா மொழியைத் தேர்ந்தெடுக்காமல், துறைமுகங்களில் புழங்கிய மலாயை எடுத்தது பெரிய சமயோசிதம். பள்ளி, பல்கலைக்கழகம், நீதிமன்றம், நாடாளுமன்றம் எல்லாம் அந்த மொழியில். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. டச்சுக்காரர்கள் தங்கள் மொழியை மிகச் சிலருக்கே கற்றுக்கொடுத்தார்கள். அந்தக் கஞ்சத்தனமே பின்னால் உதவியது, டச்சைக் கைவிடும்போது அழுவதற்கு ஆள் அதிகம் இல்லை. இழப்பும் உண்டு. ஜாவா, சுண்டா மொழிப் பிள்ளைகளுக்குப் பள்ளிமொழி வீட்டுமொழி அல்ல.

மலேசியா அதே மலாய் மொழியோடு தடுமாறியது. 1970 முதல் ஆங்கிலப் பள்ளிகள் படிப்படியாக மலாய்க்கு மாறின. 2003இல் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்துக்குத் திரும்பின. 2012 முதல் மறுபடி பழையபடி. தமிழ்ப் பள்ளியில் ஆறு வருடம் படித்த பிள்ளை இடைநிலைக்குப் போனால் மலாய். அந்த மாற்றத்துக்காகவே ‘புகுமுக வகுப்பு’ என்று ஒரு வருடத்தை ஒதுக்கியிருக்கிறார்கள்.

இலங்கையைப் பற்றிச் சற்று நிறுத்திப் பேச வேண்டும். 1945இல் கல்வி அமைச்சர் கன்னங்கராவின் முயற்சியால் பாலர் வகுப்பிலிருந்து பல்கலைக்கழகம் வரை இலவசக் கல்வி. அதோடு சுயபாஷைக் கல்வியும் வந்தது. சிங்களப் பிள்ளைக்குச் சிங்களம், தமிழ்ப் பிள்ளைக்குத் தமிழ். 1960 வாக்கில் கலைப்பீடங்கள்வரை இது ஏறியது. ஆங்கிலக் கல்லூரி வாசலைக் கண்டிராத கிராமத்துப் பிள்ளைகள் பல்கலைக்கழகத்துக்கு வந்தார்கள். கண் பெரிதானதா என்ற என் கேள்விக்கு இதைவிடத் தெளிவான ‘ஆம்’ கிடையாது.

ஆனால் 1956இல் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்று சட்டம் வந்தது. தமிழில் படித்து மேலே வந்தவனுக்கு அரசுக் கந்தோர் (அலுவலகம்) கதவு மூடிக்கொண்டது. சிங்களத்தில் படித்த பட்டதாரிக்கோ தனியார் கம்பனிகளின் கதவு மூடியிருந்தது, அங்கே இன்னும் ஆங்கிலம்தான். மருத்துவமும் பொறியியலும்கூட ஆங்கிலத்திலேயே நின்றுவிட்டன. ஒரே நாட்டில், தங்களுக்குள் பேசிக்கொள்ளப் பொதுமொழி இல்லாத இரண்டு தலைமுறைகள் வளர்ந்தன. பயிற்றுமொழியை மாற்றிய கை வேலைமொழியில் வேறு கணக்குப் போட்டது. தோற்றது சுயபாஷை அல்ல, அந்தக் கணக்கு.

மொரோக்கோவிலும் இதே கதையின் மெல்லிய பதிப்பு. பள்ளியில் அறிவியலை அரபியில் படித்துவிட்டுப் பல்கலைக்கழகத்தில் பிரெஞ்சைச் சந்தித்தார்கள். கடைசியில் 2019இல் பள்ளி அறிவியலைப் பிரெஞ்சில் நடத்தச் சட்டமே வழிவிட்டது. 1970களில் மலகாசிக்கு மாறிய மடகாஸ்கரும் 1990களில் பிரெஞ்சுக்குத் திரும்பியது. இடைப்பட்ட காலத்தில் வசதியுள்ளவர்கள் தங்கள் பிள்ளைகளைப் பிரெஞ்சுப் பள்ளிகளில் பத்திரமாக வைத்திருந்தார்கள்.

பாதியில் மாறுகிறவர்கள்

மூன்றாவது வழியைப் புதிய கண்டுபிடிப்பு போலப் பேசுகிறார்கள். ஆப்பிரிக்காவில் பிரிட்டிஷ் ஆட்சி அதைத்தான் செய்தது: முதல் சில வகுப்புகள் தாய்மொழியில், பிறகு ஆங்கிலம். செய்தது அன்பினால் அல்ல, செலவு குறைவு என்பதால்.

ஆனாலும் கற்றலை மட்டும் வைத்துப் பார்த்தால் சான்று இந்தப் பக்கம்தான் சாய்கிறது. 1970இல் நைஜீரியாவின் இஃபே பல்கலைக்கழகத்தில் பாப்ஸ் ஃபஃபுன்வா தலைமையில் ஒரு சோதனை தொடங்கியது. ஒரு குழுவுக்கு ஆறு வருடமும் யோருபாவில் பாடம், ஆங்கிலம் தனிப் பாடமாக. இன்னொரு குழு வழக்கம்போல மூன்று வருடத்தில் ஆங்கிலத்துக்குத் தாவியது. ஆறு வருடம் தாய்மொழியில் படித்தவர்கள் மற்றவர்களைவிட நன்றாகத் தேறினார்கள், ஆங்கிலத்திலும்கூட. ஆங்கிலம் வேண்டும் என்பதாலேயே ஆங்கில வழி வேண்டும் என்ற வாதம் இங்கேயே அடிபட்டுப்போகிறது.

அப்படியானால் பெற்றோர் ஏன் நம்புவதில்லை? தென்னாப்பிரிக்காவில் 1953இன் பாண்டு கல்விச் சட்டம் தாய்மொழிக் கல்வியைத்தான் கொண்டுவந்தது, கறுப்பினப் பிள்ளைகளைக் கூலி வேலையோடு நிறுத்துவதற்காக. பாதிப் பாடங்களை ஆண்ட வெள்ளையரின் மொழியான ஆஃப்ரிகான்ஸில் படிக்க வேண்டும் என்ற கட்டாயத்தை எதிர்த்து 1976 ஜூன் 16 அன்று சுவேட்டோ மாணவர்கள் தெருவில் இறங்கியபோது துப்பாக்கிச் சூடு நடந்தது. ‘உன் மொழியிலேயே படி’ என்று மேலே இருப்பவன் சொன்னால் கீழே இருப்பவன் சந்தேகப்படுவதற்கு வரலாறு இருக்கிறது. அதை அறியாமை என்று சொல்வது எனக்கு ஒப்பவில்லை.

காலனியே ஆகாத எத்தியோப்பியாவும் இதே சல்லடையைத்தான் பிடித்திருக்கிறது. 1994 கொள்கைப்படி சில மாநிலங்களில் எட்டாம் வகுப்புவரை தாய்மொழி, ஒன்பதிலிருந்து ஆங்கிலம். இத்தாலி அங்கே இருந்தது ஐந்தாண்டுகள்தான், அதுவும் பேசியது ஆங்கிலமல்ல. பிலிப்பைன்ஸோ தொடக்க வகுப்புகளில் கொண்டுவந்த தாய்மொழி வழியை 2024இல் சட்டம் போட்டே நிறுத்திவிட்டது.

என்னைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் மூன்றாவதையே எடுப்பேன், ஆனால் மூன்று வருடத்தில் முடியும் அரைகுறையாக அல்ல. குறைந்தது ஆறு வருடம் தாய்மொழி, ஆங்கிலமோ பிரெஞ்சோ நல்ல ஆசிரியரோடு தனிப் பாடமாக. மாறும் வாசலில் உள்ள தேர்வை இரண்டு மொழியிலும் எழுதலாம் என்றும், அரசு வேலைத் தேர்வும் அப்படியே என்றும் இருக்க வேண்டும். இது இல்லாவிட்டால் முந்தைய ஆறு வருடம் பிள்ளைக்குச் சுகமான காத்திருப்பு அறை மட்டுமே.

தான்சானியா இந்த வாசலில்தான் நிற்கிறது. அதிபர் நைரேரேயின் 1967 கொள்கையிலிருந்து தொடக்கப்பள்ளியில் ஏழு வருடம் சுவாஹிலி. ஷேக்ஸ்பியரின் நாடகங்களையே சுவாஹிலியில் மொழிபெயர்த்துக் காட்டியவர் அவர். அவராலும் இடைநிலைப் பள்ளியை ஆங்கிலத்திலிருந்து நகர்த்த முடியவில்லை. அங்கேயும் சுவாஹிலி வரும் என்று 2015இல் கொள்கை வெளியானது, நடைமுறைக்கு வரவில்லை. எட்டாவது வருடம் வகுப்புக்குள் நுழைகிற பிள்ளைக்கு ஆசிரியர் வாயால் சுவாஹிலியில் விளக்குகிறார், கரும்பலகையில் ஆங்கிலத்தில் எழுதிப்போடுகிறார். பிள்ளை பலகையில் இருப்பதைப் பார்த்து எழுதிக்கொள்கிறது. தேர்வில் கேட்பது பலகையில் இருந்ததை.