கிள்ளான் டு பினாங்கு லோரி சர்வீஸ், எங்க கடை அனுபவம்

ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியா பக்கம் மளிகைக் கடை வெச்சிருக்கோம், அரிசி பருப்பு வெங்காயம்னு பாதி சாமான் போர்ட் கிள்ளான்ல எறங்கி லோரிலதான் வரும். இப்ப எடுக்கிற லோரி சர்வீஸ் எப்படின்னு மத்த கடைக்காரங்க கேட்டுக்கிட்டே இருக்காங்க, அதான் எழுதுறேன். பேரு வேணும்னா பி.எம். பண்ணுங்க.

டிரைவர் அண்ணன் வேலை அவ்வளவு சுத்தம். பருப்பு மூட்டைய வெறும் தளத்துல போடவே மாட்டாரு, கீழ பேலட் போட்டு மேல கன்வஸ் இழுத்துக் கட்டுனாருன்னா எந்த மழையா இருந்தாலும் மூட்டை நனையாது. வெங்காயம் ஏத்துன அன்னிக்கு மழை இல்லன்னா வழியில தாப்பா ஆர்.என்.ஆர்.ல (ஹைவே ஓய்வு இடம்) நிறுத்தி பின்பக்கம் கன்வஸ கொஞ்சம் தூக்கி விடுவாரு, இல்லன்னா சூட்டுல வேர்த்து அடி மூட்டை அழுகிடும். முன்ன எடுத்த ஒரு கம்பெனில இதெல்லாம் யாரும் கண்டுக்கல, அழுகுனத கொட்டியே லாபம் போச்சு. இவங்க பாலத்துக்கு முன்னாடி பிறைங்கிற ஊர்ல சாமான மூணு டன் லோரிக்கு மாத்தி, பாலம் ஜாம் ஆகுறதுக்குள்ள விடியக்காலையிலேயே கடை வாசலுக்கு வந்துடுவாங்க. கிழிஞ்ச மூட்டை இருந்தா அண்ணனே காட்டிட்டுத்தான் டி.ஓ.ல (டெலிவரி சீட்டு) கையெழுத்து கேப்பாரு.

வாடகை மலிவு இல்ல, ஆனா நியாயம். 2024 ஜூன் 10ல தீபகற்ப மலேசியாவுல டீசல் லிட்டர் 2.15 வெள்ளிலருந்து (ரிங்கிட்) 3.35க்கு ஏறுச்சு, சரக்கு லோரிக்கு ஃப்லீட் கார்டு (மானிய டீசல் கார்டு) இருந்தா அப்ப பழைய விலைதான். கார்டு கையில இருந்தும் வாடகைய ஏத்துனவங்க இருக்காங்க, இவங்க ஏத்தல. டோல், டயர், ஆறு மாசத்துக்கு ஒருக்கா புஸ்பகோம்ல வண்டி சோதனைன்னு அவங்களுக்கும் செலவு இருக்குல்ல.

லோரிக்காரங்ககிட்ட அடிச்சுப் பேரம் பேசுறவங்க இதையும் யோசிங்க. பினாங்குத் தீவுக்குள்ள சரக்கு ரயில் கிடையாது, கார் ஏத்துற ஃபெரியும் 2021லருந்து இல்ல, 1985ல தொறந்த பாலமும் 2014ல தொறந்த ரெண்டாவது பாலமும்தான் வழி. நம்ம வெங்காயம் மட்டுமா, தீவுல 1972லருந்து இருக்கிற பாயான் லெப்பாஸ் ஃபேக்டரி ஏரியால எலக்ட்ரானிக் சிப் செய்ய வர்ற சாமான், செஞ்சு ஏர்போர்ட்டுக்குப் போற பெட்டி, பட்டர்வொர்த் துறைமுகத்துக்குப் போற கண்டேனர், எல்லாத்தையும் லோரிதான் இழுக்குது. பினாங்குல சம்பளம் வாங்குற எத்தனை குடும்பத்துக்கு இந்த டிரைவருங்க ராத்திரி முழிச்சு ஓட்டுறது சோறு போடுது! அவங்க கூலில அஞ்சு பத்து வெள்ளி குறைச்சு நமக்கு என்ன வந்துடப் போகுது?

குறைன்னா ஆபீஸ்தான். சனிக்கிழமை மத்தியானத்துக்கு மேல ஃபோன எடுக்கவே மாட்டாங்க, ஜூரு டோல்ல மாட்டி லேட்டானா ஒரு மெசேஜ் கூட வராது, நாமதான் அண்ணனுக்கு ஃபோன் அடிச்சுக் கேக்கணும். இத அவங்க கண்டிப்பா சரி பண்ணணும்.

எடுக்கிறதா இருந்தா தீபாவளி சாமானுக்கு முன்கூட்டியே புக் பண்ணிடுங்க. நோன்புப் பெருநாள், சீனப் பெருநாள் சமயத்துல பெரிய லோரிக்கு சில நாள் ரோட்டுல தடை போடுவாங்க, தேதிய பாத்துட்டு ஸ்டாக்க முன்னாடியே எறக்கி வெச்சுக்குங்க.