பில்லில் இருக்கிறது, என் வயிற்றில் இல்லை: டம்மி டக் செய்யப் போகிறவர்களுக்கு

எனக்கு வயது 39. இரண்டும் சிசேரியன். இரண்டாவது பையனுக்கு ஆறு வயதான பிறகும், மேடவாக்கத்தில் பஸ் ஏறினால் யாராவது எழுந்து இடம் கொடுப்பார்கள். "உக்காரும்மா, எத்தனாவது மாசம்?" என்று கேட்பார்கள். நல்ல மனதோடுதான் கேட்பார்கள். பதில் சொல்ல முடியாமல் இறங்கி அடுத்த பஸ்ஸில் போன நாட்கள் உண்டு.

என் எடை 61 கிலோதான். பிரச்சினை வெறும் கொழுப்பு இல்லை. வயிற்றின் நடுவே மேலிருந்து கீழாக ஓடும் இரண்டு தசைகளும் கர்ப்பத்தில் விலகி, எனக்குத் திரும்பச் சேரவே இல்லை. மல்லாந்து படுத்துத் தலையைத் தூக்கினால் நடுவில் நான்கு விரல் உள்ளே போகும். முதுகுவலி வேறு. ஒரு வருடம் பிசியோதெரபி செய்தேன், வலி கொஞ்சம் குறைந்தது, பிளவு குறையவில்லை. பலருக்குப் பயிற்சியிலேயே சரியாகிவிடுகிறது, அதனால் அதை முதலில் செய்து பாருங்கள். டம்மி டக் என்பது தொங்கும் வயிற்றுத் தோலை வெட்டி எடுத்து வயிற்றைச் சீராக்கும் ஆபரேஷன். நான் அதற்குப் போனது அந்தத் தசைகளை இழுத்துச் சேர்த்துத் தைப்பதற்காகத்தான். அதைத்தான் அந்தக் கிளினிக்கில் செய்யவில்லை.

2023 ஆடி மாதம். இன்ஸ்டாகிராமில் ஒரு கிளினிக்கின் விளம்பரம்: ஆபரேஷனுக்கு முன், பின் என்று படங்கள், "ஆடி ஆஃபர், முழு டம்மி டக் 1,85,000 ரூபாய்". மருத்துவர்கள் இப்படி ஆள் பிடிப்பதை இந்திய மருத்துவ கவுன்சிலின் 2002 நெறிமுறை விதிகளே தடுக்கின்றன என்பது அப்போது எனக்குத் தெரியாது. போனேன். கவுன்சிலர் (ஆலோசகர்) என்று ஒரு பெண் முக்கால் மணி நேரம் பேசினார். மருத்துவர் வந்தது ஐந்து நிமிடம். வயிற்றைக் கிள்ளிப் பார்த்துவிட்டு, "நல்லா பண்ணிடலாம்மா" என்றார். தசையைத் தைப்பீர்களா என்று கேட்டேன். "அது இல்லாம டம்மி டக்கே கிடையாது" என்றார். அந்த வாக்கியத்தைக் காகிதத்தில் எழுதி வாங்காமல் வந்தது என் பெரிய தவறு.

அன்றைக்கே 25,000 கட்டினால்தான் ஆஃபர் என்றார்கள். கட்டினேன். அப்புறம் அந்தக் கவுன்சிலர் குரலைத் தாழ்த்தி, "மேடம், இன்ஷூரன்ஸ் இருந்தா சொல்லுங்க, ஹெர்னியான்னு போட்டு கிளெய்ம் பண்ணித் தரோம்" என்றார். அழகுக்கான அறுவை சிகிச்சைக்கு பாலிசிகளில் பணம் கிடையாது. நிஜமாகவே தொப்புள் குடலிறக்கம் (ஹெர்னியா) இருந்தால் அதைச் சரிசெய்யும் செலவுக்குக் கேட்கலாம், அது வேறு. எனக்கு ஹெர்னியா இல்லை. என் கணவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். இப்படி நம் பெயரில் பொய்க் கணக்கு எழுதத் தயங்காதவர்கள் தியேட்டருக்குள் மட்டும் நேர்மையாக இருப்பார்கள் என்று நான் எப்படி நம்பினேன் என்று இன்றுவரை யோசிக்கிறேன்.

ஆபரேஷன் நாள் காலை ஆறரை மணி. கையில் ஊசி குத்தி டிரிப்ஸ் ஓடுகிறது. சம்மதப் படிவம் ஏழு பக்கம், எல்லாம் ஆங்கிலம். "இங்க இங்க கையெழுத்துப் போடுங்க." படிக்க நேரம் கேட்டதற்கு, "டாக்டர் வெயிட் பண்றார் மேடம்". 2008-ல் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம், என்ன செய்யப் போகிறார்கள், என்ன ஆபத்து, மாற்று வழி என்ன என்று நோயாளிக்குப் போதுமான அளவு சொல்லித்தான் சம்மதம் வாங்க வேண்டும் என்று தீர்ப்பளித்திருக்கிறது. அந்தப் படிவத்தை இரண்டு நாள் முன்பே வாங்கி வீட்டுக்கு எடுத்து வந்து படியுங்கள். தரமாட்டோம் என்றால் அங்கே படுக்காதீர்கள்.

மயக்க மருந்து கொடுப்பவரை நான் முதலில் பார்த்ததே மேஜையில் படுத்த பிறகுதான். மாதவிடாய் கோளாறுக்காக ஹார்மோன் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தேன், ஒருவரும் கேட்கவில்லை. இந்த ஆபரேஷனுக்குப் பிறகு காலில் ரத்தம் உறைந்து, அது நுரையீரலுக்குப் போய் அடைத்துக்கொண்டால் உயிருக்கே ஆபத்து. ஈஸ்ட்ரோஜன் உள்ள மாத்திரைகள் அந்த வாய்ப்பைக் கூட்டும் என்பதால் சில வாரங்கள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். எனக்கு ஒன்றும் ஆகாமல் போனது அதிர்ஷ்டம். நீங்களாகவே எல்லா மாத்திரைகளையும் சொல்லிவிடுங்கள். வீட்டில் யாருக்காவது ரத்தம் உறைந்த வரலாறு இருந்தால் அதையும் சொல்லுங்கள். புகையிலைப் பழக்கம் இருந்தால் குறைந்தது நான்கு வாரம் முன்பே விட வேண்டும், இல்லையென்றால் தோலுக்கு ரத்தம் போகாமல் கருகிவிடலாம்.

"மூணாவது நாள் ஆபீஸ் போயிடலாம்" என்றார் கவுன்சிலர். உண்மை என்ன தெரியுமா? ஒரு இடுப்பிலிருந்து மறு இடுப்பு வரை தையல். பத்து நாளுக்கு மேல் கூனிக்கொண்டுதான் நடந்தேன். ஆறு வாரம் இறுக்கமான பெல்ட். அந்த ஆறு வாரமும் இருபது லிட்டர் தண்ணீர் கேன், அரிசி மூட்டை, ஈரத்துணி பக்கெட், தூங்கிவிட்ட பிள்ளை, எதையும் தூக்கக் கூடாது. வீட்டில் ஆள் இல்லையென்றால் இதை ஆரம்பிக்கவே கூடாது. தொப்புளுக்குக் கீழே இன்றும் மரத்துத்தான் இருக்கிறது. சிலருக்கு அது கடைசிவரை திரும்பாது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

மறுநாள் காலையே டிஸ்சார்ஜ். பில் 2,74,000. பெல்ட் தனி, தியேட்டர் தனி, அதற்கு மேல் ஜி.எஸ்.டி. 18 சதவீதம். அழகுக்காகச் செய்யும் அறுவைக்கு மற்ற மருத்துவச் சேவைகளைப் போல வரிவிலக்கு இல்லை. அதை முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். அந்தப் பில்லில் "தசைச் சீரமைப்பு 40,000" என்று தனியாக ஒரு தொகை போட்டிருந்தது. அது முக்கியம், பின்னால் வருகிறேன்.

நான்காவது நாள் ஒரு சிஸ்டர், உள்ளே சேரும் நீரை வெளியேற்ற வைத்திருந்த டிரெயின் குழாய் இரண்டையும் உருவிவிட்டார். அன்றைக்கும் 90 மி.லி. வந்திருந்தது. பொதுவாக ஒரு நாளைக்கு 30 மி.லி.க்குக் கீழே இறங்கிய பிறகுதான் எடுப்பார்கள் என்று பிறகு தெரிந்துகொண்டேன். இரண்டே நாளில் வயிற்றுக்குள் நீர் கோத்து, நடந்தால் தண்ணீர்ப் பை போலக் குலுங்கியது. வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினேன். "நார்மல்தான் மேடம், பெல்ட்டை டைட்டா போடுங்க." பதினொன்றாம் நாள் தையலின் நடுப்பகுதி கறுத்து, வாடை வந்தது. 102 டிகிரி காய்ச்சல். போன் செய்தால், "டாக்டர் பெங்களூர்ல இருக்கார், வியாழக்கிழமை வாங்க."

என் அக்கா அன்று இரவே என்னைக் கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அழைத்துப் போனாள். ஒரு பைசா வாங்காமல், ஊசி போட்டு நீரை எடுத்து, செத்த தோலை நீக்கி, ஐந்து வாரம் கட்டுப் போட்டார்கள். அங்கே பார்த்த பெண் மருத்துவர் என்னைத் தலையைத் தூக்கச் சொல்லி, நடுவில் விரல் வைத்துப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் ஸ்கேனுக்கு எழுதினார். பிளவு அப்படியே இருந்தது. "உள்ள தைச்சாங்களாம்மா? ஆபரேஷன் நோட்ஸ் வாங்கிப் பாரும்மா" என்றார்.

கிளினிக்கில் இரண்டு முறை கேட்டேன், "சிஸ்டத்துல இல்ல" என்றார்கள். கேட்ட 72 மணி நேரத்துக்குள் நோயாளிக்கு மருத்துவப் பதிவேடுகளைத் தர வேண்டும் என்று அதே 2002 விதிகள் சொல்கின்றன. அதைக் குறிப்பிட்டு, ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபால் அனுப்பினேன். ஒன்பதாவது நாள் வந்தது. ஆபரேஷன் நோட்ஸில் கொழுப்பை உறிஞ்சும் லைப்போசக்‌ஷன், தோல் நீக்கம், தொப்புள் மாற்றி வைத்தது எல்லாம் இருக்கிறது. தசையைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. அறுவை செய்தவர் என்ற இடத்தில் என்னிடம் பேசியவரின் பெயரும் இல்லை. நான் முகம்கூடப் பார்க்காத ஒருவரின் பெயர். அவர் பதிவு எண்ணைத் தேடிப் பார்த்தேன். எம்.எஸ். பொது அறுவை சிகிச்சை. பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சிஎச்., டி.என்.பி. என்ற சிறப்புப் பட்டம் எதுவும் இல்லை.

கொழுப்பை உறிஞ்சினால் விலகிய தசை சேராது, தொங்கும் தோலும் சுருங்காது. மூன்றும் தனித்தனி வேலை. எனக்கு எந்த வேலைக்கு ஆபரேஷன் தேவையோ, அதற்குக் காசு மட்டும் வாங்கிக்கொண்டார்கள்.

அதனால், அட்வான்ஸ் கட்டும் முன்பே தேசிய மருத்துவ ஆணையத்தின் தளத்திலோ தமிழ்நாடு மருத்துவ கவுன்சிலிலோ பதிவு எண்ணைச் சரிபாருங்கள். கத்தி பிடிக்கப்போவது யார் என்று பெயர் போட்டு எழுதி வாங்குங்கள். தசையைத் தைப்பார்களா என்பதும் அதே தாளில் இருக்கட்டும். ராத்திரி இரண்டு மணிக்கு மூச்சுத் திணறினால் அங்கே ஐ.சி.யூ. உண்டா, எந்த மருத்துவர் இருப்பார் என்று கேளுங்கள். இன்னொரு குழந்தை வேண்டும் என்றிருந்தால், எடை இன்னும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தால் தள்ளிப் போடுங்கள். இது எடை குறைக்கும் ஆபரேஷன் இல்லை.

ஏற்கெனவே என்னைப் போல ஆகிவிட்டவர்கள், இரண்டு வருடத்துக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்க வேண்டும். காசு கொடுத்துப் பெறும் மருத்துவமும் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வரும் என்பது 1995-லேயே உச்ச நீதிமன்றம் சொன்னது. கட்டிய பணம் 5 லட்சத்துக்குள் இருந்தால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. பில், வாட்ஸ்அப் செய்திகள், தேதியோடு எடுத்த படங்கள், எதையும் அழிக்காதீர்கள். நான் மருத்துவ கவுன்சிலுக்கும் எழுதியிருக்கிறேன். பில்லில் இருக்கும் அந்த 40,000 ரூபாயையும் ஆபரேஷன் நோட்ஸையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் மனுவே தயாரானது. வழக்கு நடக்கிறது. தழும்பு இளகட்டும், அப்புறம் தசையை மட்டும் தைக்கலாமா பார்க்கலாம் என்று கீழ்ப்பாக்கத்தில் சொல்லியிருக்கிறார்கள். முதுகுவலி அப்படியேதான் இருக்கிறது.