பில்டர் தந்த 10,000 டாலரும் லோன் எஸ்டிமேட்டின் இரண்டாம் பக்கமும்

டாலஸ் நகருக்கு வடக்கே, காலின் கவுண்டியில் புதிதாகக் கட்டப்பட்ட வீடு ஒன்றைச் சென்ற ஆண்டு வாங்கினோம். விலை 5,20,000 டாலர். இருபது சதவீதத்தைக் கையிலிருந்து போட்டு, மீதி 4,16,000 டாலருக்கு, வீட்டைக் கட்டிய நிறுவனத்துக்கே சொந்தமான கடன் நிறுவனத்தில் முப்பது ஆண்டுக் கடன் பெற்றோம். அந்தக் கடன் நிறுவனத்தின் சேவையைப் பற்றியதே இந்த மதிப்புரை. டெக்சஸில் பெரிய பில்டரிடம் புதுவீடு வாங்கப் போகிற எவர் முன்னும் இத்தகைய நிறுவனம் ஒன்று வந்து நிற்கும் என்பதால், பெயரைச் சொல்வதைவிடக் கணக்கைச் சொல்வதே பயன்படும் என்று நினைக்கிறேன்.

விற்பனை அலுவலகத்தில் முதல் நாளே சொல்லிவிட்டார்கள்: தங்கள் கடன் நிறுவனத்தில் வாங்கினால் க்ளோசிங் செலவுக்கு (வீட்டை வாங்கி முடிக்கும்போது கட்டும் கட்டணங்களுக்கு) 10,000 டாலர் தருவார்கள், வெளியே வாங்கினால் அது கிடையாது. வீடு வாங்கும் நடைமுறைகளை ஒழுங்குபடுத்தும் 1974ஆம் ஆண்டின் ரெஸ்பா சட்டப்படி, பில்டர் தன் துணை நிறுவனத்தில்தான் கடன் வாங்க வேண்டும் என்று நம்மைக் கட்டாயப்படுத்த முடியாது. சலுகை காட்டி அழைக்கலாம். அந்தச் சலுகை நியாயமானதா, அல்லது ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் வாங்கிக்கொள்வதா என்பதுதான் எங்களுக்கு முன்னிருந்த கேள்வி.

விண்ணப்பம் கொடுத்த இரண்டாம் நாளே, கடனின் வட்டியையும் செலவுகளையும் மதிப்பிட்டுக் காட்டும் லோன் எஸ்டிமேட் வந்தது. சட்டம் தருவது மூன்று வேலை நாள். இந்த விஷயத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. மூன்று பக்கங்கள் கொண்ட அந்தத் தாளில் நம் கண் முதலில் போவது அடியில் இருக்கும் மொத்தத் தொகைக்குத்தான். அந்தத் தொகையை வைத்து நியாய அநியாயத்தைத் தீர்மானிக்கப் பார்த்ததே நாங்கள் செய்த முதல் தவறு. ஏனெனில், கடன் நிறுவனம் தனக்காக வாங்கும் பணம், அரசு வாங்கும் பணம், எப்படியும் நாமே கட்ட வேண்டிய வரியும் காப்பீடும் ஆகிய மூன்றும் அந்த ஒரே தொகைக்குள் கலந்து கிடக்கின்றன. கடன் நிறுவனத்தின் சொந்தக் கட்டணம் இரண்டாம் பக்கத்தின் இடது மேல் மூலையில், ஏ பிரிவில் இருக்கிறது. எங்கள் தாளில் அங்கே இரண்டு வரிகள் இருந்தன: கடன் தொடங்கும் கட்டணம் 1,495 டாலர், 1.25 பாயிண்டுக்கு 5,200 டாலர். ஒரு பாயிண்ட் என்பது கடன் தொகையில் ஒரு சதவீதம். வட்டியைக் குறைப்பதற்காக முன்கூட்டியே கட்டும் பணம். அவ்வளவு கட்டியும் வட்டி 6.75 சதவீதமாகவே இருந்தது.

மற்றப் பிரிவுகளில் பேரம் பேச அதிகம் இடமில்லை. டெக்சஸில் சொத்துக் கைமாற்று வரி இல்லை. டைட்டில் இன்சூரன்ஸ் (வீட்டின் உரிமையில் வில்லங்கம் வந்தால் ஈடுசெய்யும் காப்பீடு) பிரீமியத்தை மாநிலக் காப்பீட்டுத் துறையே நிர்ணயிப்பதால் எந்த டைட்டில் கம்பெனிக்குப் போனாலும் அது ஒன்றுதான். வீட்டுக்காரருக்கான பாலிசியோடு சேர்த்து எடுத்தால் கடன் நிறுவனத்துக்கான பாலிசியின் அடிப்படைக் கட்டணம் 100 டாலர் மட்டுமே. கம்பெனிக்குக் கம்பெனி மாறுவது அவர்களுடைய சேவைக் கட்டணமும் சில்லறைச் செலவுகளும்தான்.

அடுத்து ஒரு கிரெடிட் யூனியனில் (உறுப்பினர்களுக்குச் சொந்தமான கூட்டுறவு நிதி நிறுவனத்தில்) விண்ணப்பித்து, இரண்டு இடத்து வட்டியும் ஒரே நாளுக்குரியதாக இருக்கும்படி கேட்டு வாங்கினோம். வட்டி நாளுக்கு நாள் மாறுவதால் வேறு வேறு நாளின் தாள்களை ஒப்பிடுவதில் பொருளில்லை. (இரண்டு இடத்தில் கேட்டால், நம் கடன் நம்பகத்தைக் காட்டும் கிரெடிட் ஸ்கோர் விழுந்துவிடும் என்று பலர் அஞ்சுகிறார்கள். வீட்டுக்கடனுக்கான விசாரணைகளை 14 நாளுக்குள் முடித்துக்கொண்டால் அவை ஒரே விசாரணையாகவே கணக்கில் கொள்ளப்படும்.) கிரெடிட் யூனியனின் ஏ பிரிவில் 1,100 டாலர் இருந்தது, பாயிண்ட் இல்லை, வட்டி 6.5 சதவீதம். ஏ பிரிவில் மட்டும் வேறுபாடு 5,595 டாலர். மாதத் தவணை பில்டரின் நிறுவனத்தில் 2,698, இங்கே 2,629. மாதம் 69 டாலர் வீதம் ஐந்து ஆண்டுக்கு 4,140. இரண்டையும் கூட்டினால் 9,735 டாலர். பில்டர் தருவதாகச் சொன்ன 10,000 டாலர் ஐந்தே ஆண்டில் எங்கள் பணத்திலிருந்தே அவர்களுக்குத் திரும்பிப் போயிருக்கும். ஆறாம் ஆண்டிலிருந்து எங்களுக்கு நட்டம்.

கிரெடிட் யூனியனின் தாளை அப்படியே பில்டரின் கடன் அலுவலருக்கு அனுப்பி, இதற்கு இணையாகத் தர முடியுமா என்று இரண்டே வரியில் கேட்டோம். மறுநாள் மாலை திருத்திய தாள் வந்தது: பாயிண்ட் முழுவதும் நீக்கப்பட்டு, வட்டி 6.625 ஆகக் குறைந்திருந்தது. இப்போது ஐந்து ஆண்டுக்கு கிரெடிட் யூனியனைவிட ஏறத்தாழ 2,500 டாலர்தான் கூடுதல் என்பதால், சலுகையில் 7,500 டாலர் உண்மையாகவே எங்கள் பக்கம் நின்றது. அதனால் அவர்களிடமே வாங்கினோம். கடன் அலுவலர் மரியாதையாகப் பேசினார், கேட்டதற்கெல்லாம் எழுத்தில் பதில் தந்தார். ஆனாலும், ஒரு மின்னஞ்சலுக்கு இறங்கி வரக்கூடிய 5,200 டாலரை, குறைக்கச் சொல்லிக் கேட்காதவர்களிடம் அப்படியே வாங்கிக்கொள்வது எனக்கு நியாயமாகப் படவில்லை.

கையெழுத்திடுவதற்கு மூன்று வேலை நாள் முன்னதாக, இறுதிச் செலவுக் கணக்கான க்ளோசிங் டிஸ்க்ளோஷர் நம் கைக்கு வந்துவிட வேண்டும், வந்தது. என் மனைவிதான் அதையும் பழைய எஸ்டிமேட்டையும் உணவு மேசையில் அருகருகே வைத்து, மகனின் அளவுகோலை வரி வரியாக நகர்த்திப் பார்த்தார். "இந்த 450 அன்னைக்கு இல்லையேங்க" என்று ஓரிடத்தில் நிறுத்தினார். ஏ பிரிவில் ப்ராசசிங் கட்டணம் என்று புதிதாக ஒரு வரி முளைத்திருந்தது. எங்கள் வருமானத்திலோ கடன் தொகையிலோ எந்த மாற்றமும் இல்லை. அத்தகைய மாற்றம் இல்லாதபோது கடன் நிறுவனம் தன் சொந்தக் கட்டணத்தை ஒரு டாலர்கூட ஏற்றக் கூடாது என்பது விதி. பதிவுக் கட்டணமும் அவர்கள் பட்டியலிலிருந்து நாம் தேர்ந்துகொண்ட சேவைகளும் மொத்தமாகப் பத்து சதவீதம் வரை கூடலாம். காப்பீடு, எஸ்க்ரோ (வரிக்கும் காப்பீட்டுக்கும் கடன் நிறுவனம் தவணையோடு வசூலித்து வைக்கும் பணம்) போன்றவற்றுக்கு அத்தகைய வரம்பு இல்லை. இரு தாள்களையும் படம் எடுத்து அனுப்பினோம். மறுநாள் காலை அந்த வரி நீக்கப்பட்ட தாள் வந்தது; தவறுக்கு வருத்தம் தெரிவித்து ஒரு சொல்லும் வரவில்லை.

என் பெரிய குறை எஸ்க்ரோவைப் பற்றியது. டெக்சஸில் சொத்து வரி ஜனவரி 1ஆம் தேதி நிலவரத்தை வைத்து மதிப்பிடப்படுகிறது. அன்று எங்கள் இடம் வெறும் மனை. ஆகவே ஆண்டு வரியை 2,400 டாலர் என்று வைத்து, மாதம் 200 டாலர் வசூலிக்கும்படி கணக்குப் போட்டிருந்தார்கள். அடுத்த ஜனவரியில் வீடும் சேர்த்து மதிப்பிடப்படும்போது வரி 10,000 டாலரை நெருங்கும் என்பது அந்த அலுவலகத்தில் அனைவருக்கும் தெரியும். எங்களுக்கு ஓராண்டு முன்பு அதே தெருவில் குடிவந்து, அதே நிறுவனத்தில் கடன் வாங்கிய குடும்பத்துக்கு, விடுபட்ட வரியையும் வருகிற வரியையும் சேர்த்து மாதத் தவணை 1,200 டாலருக்கு மேல் ஏறியதாகக் கடிதம் வந்தது. அவர்கள் சொல்லித்தான் எங்களுக்கே தெரியும். கடன் அலுவலரிடம் கேட்டபோது, விருப்பப்பட்டால் எஸ்க்ரோவில் கூடுதலாகக் கட்டலாம் என்றார். நாங்கள் மாதம் 640 டாலரைத் தனிக் கணக்கில் போட்டுவருகிறோம். மாதத் தவணையைச் சிறிதாகக் காட்டுவதால் வீடு விற்பது எளிதாகலாம், ஆனால் முதல் வீடு வாங்குகிற இளம் குடும்பத்தை அது ஓராண்டுக்குள் திணறடித்துவிடும்.

ஐந்து நட்சத்திரத்தில் மூன்று தருகிறேன். ஒன்றைக் குறைத்தது கேட்ட பிறகே நீங்கிய 5,200 டாலருக்காக, மற்றொன்றை இந்த வரிக் கணக்குக்காக.