மின்கட்டணம் சொல்லாத கணக்கு: நைட்ரஜன் நீக்கத்தின் 3 வழிகளும் நைட்ரஸ் ஆக்சைடும்

கழிவுநீரிலிருந்து நைட்ரஜனை நுண்ணுயிர்களைக் கொண்டு நீக்கும் முறைகளை ஒப்பிடுவோர் முதலில் பார்ப்பது தொட்டிகளுக்குக் காற்றூட்டும் புளோயர்களின் மின்செலவைத்தான். பசுமைக்குடில் வாயுக்களைப் பொறுத்தவரை அந்த அளவுகோல் போதாது என்பதை ஒரு சிறு கணக்கே காட்டிவிடும். 1 கிலோ அம்மோனியா நைட்ரஜனை நைட்ரேட்டாக்க 4.57 கிலோ ஆக்சிஜன் வேண்டும். 1 யூனிட் மின்சாரம் 2 கிலோ ஆக்சிஜனை நீரில் கரைக்கிறது, அந்த 1 யூனிட்டுக்கு அரைக் கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியாகிறது என்று வைத்துக்கொண்டால், காற்றூட்டத்தின் பங்கு ஏறத்தாழ 1.1 கிலோ. நைட்ரேட் நீக்கத்தில் திரும்பக் கிடைக்கும் ஆக்சிஜனைக் கழித்தால் இன்னும் குறையும். ஆனால் அதே நைட்ரஜனில் வெறும் 1 சதவீதம் நைட்ரஸ் ஆக்சைடாகத் தப்பினாலும், அந்த வாயுவின் நூறாண்டு வெப்பமேற்றுத் திறன் கார்பன் டை ஆக்சைடைப்போல் 273 மடங்கு என்பதால், 4.3 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்கு ஈடான சுமை வந்து சேர்கிறது. ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐபிசிசி 2019இல் திருத்திய வழிகாட்டுதலில், சொந்த அளவீடு இல்லாதபோது பயன்படுத்தும் இயல்பு மதிப்பாகத் தந்திருப்பதோ 1.6 சதவீதம், அதாவது சுமார் 6.9 கிலோ.

முதல் வழி, அம்மோனியாவை நைட்ரேட் வரை ஆக்சிஜனேற்றி, பிறகு காற்றில்லாத் தொட்டியில் ஆக்சிஜனை அகற்றி நைட்ரஜன் வாயுவாக ஒடுக்கும் வழக்கமான முழுப்பாதை. அம்மோனியாவை உண்ணும் பாக்டீரியாக்கள் ஆக்சிஜன் பற்றாக்குறையிலும் நைட்ரைட் மிகுதியிலும் நைட்ரஸ் ஆக்சைடை வெளிவிடுகின்றன. நைட்ரேட் நீக்கத்திலும் அதே வாயு இடைப்பொருளாகத் தோன்றுகிறது. கரிம உணவு குறைந்தாலோ, ஆக்சிஜன் கலந்துவிட்டாலோ கடைசிப் படி முடியாமல் நின்றுவிடுகிறது. காற்றில்லாத் தொட்டியில் உண்டான வாயு பெரும்பாலும் நீரிலேயே கரைந்து கிடந்து, அடுத்த தொட்டியின் முதல் குமிழிகள் பட்டதும் வெளியேறுகிறது. ஆகவே அளவுகருவியில் உச்சம் தெரியும் இடமே வாயு பிறந்த இடம் என்று முடிவுகட்டுவது தவறாகலாம். கார்பனுக்காக மெத்தனால் சேர்க்கும் நிலையங்களில், அது புதைபடிவ எரிவாயுவிலிருந்து வந்ததாயின், கிலோவுக்கு ஏறக்குறைய 1.4 கிலோ கார்பன் டை ஆக்சைடையும் கூட்டிக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது வழியான நைட்ரைட் குறுக்குவழி, ஆக்சிஜனேற்றத்தை நைட்ரைட்டோடு நிறுத்தி அங்கிருந்தே ஒடுக்குகிறது. ஆக்சிஜன் தேவையில் 25 சதவீதமும் கார்பன் தேவையில் 40 சதவீதமும் மிச்சம் என்பது உண்மைதான். ஆனால் மேற்கண்ட கணக்கின்படி அந்தக் காற்றூட்டச் சேமிப்பு 0.3 கிலோவைத் தாண்டாது. நைட்ரஸ் ஆக்சைடு கசிவு 0.07 சதவீதப் புள்ளி உயர்ந்தாலே அது கரைந்துபோகும். நைட்ரைட்டை வேண்டுமென்றே தேக்கி வைக்கும் முறையில் இந்தச் சிறு உயர்வு நிகழாது என்று நம்புவது கடினம். மெத்தனால் வாங்கும் நிலையத்தைத் தவிர வேறெங்கும், காலநிலையைக் காரணம் காட்டி இதைத் தேர்ந்தெடுப்பதை நான் ஏற்கமாட்டேன்.

மூன்றாவதான அனாமாக்ஸ் முறையை விரிவாகப் பார்க்க வேண்டும். அம்மோனியாவில் ஏறத்தாழ பாதியை மட்டும் நைட்ரைட்டாக்கி, எஞ்சியதை அந்த நைட்ரைட்டோடு காற்றின்றி வினைபுரியச் செய்யும் இம்முறையில் காற்றூட்டம் சுமார் 60 சதவீதம் குறைகிறது, வெளிக்கார்பன் தேவையில்லை. அனாமாக்ஸ் பாக்டீரியாக்களின் வழிமுறையிலும் நைட்ரஸ் ஆக்சைடு இடம்பெறவில்லை. சிக்கல் கூட்டாளியிடம் இருக்கிறது. நைட்ரைட்டைத் தயாரித்துக் கொடுக்கும் பாக்டீரியாக்கள் முதல் வழியில் கண்ட அதே இனத்தவையே. உலகின் முதல் முழுஅளவு அனாமாக்ஸ் கலம் 2002இல் ரோட்டர்டாமின் டோக்ஹாவன் நிலையத்தில் இயங்கத் தொடங்கியது. நைட்ரைட்டாக்கத்துக்கு ஒன்று, அனாமாக்ஸுக்கு ஒன்று என இரு கலங்கள் கொண்ட அந்த அமைப்பில் அளந்து 2008இல் வெளியான ஆய்வு, வந்த நைட்ரஜனில் 2.3 சதவீதம் நைட்ரஸ் ஆக்சைடாகச் சென்றதாகவும், அதில் 1.7 நைட்ரைட்டாக்கும் கலத்திலிருந்தும் 0.6 அனாமாக்ஸ் கலத்திலிருந்தும் வந்ததாகவும் காட்டியது. நைட்ரைட் உண்டான இடத்திலேயே உண்ணப்படும் ஒற்றைக்கல அமைப்பை நான் விரும்புவதற்கு இதுவே காரணம். ஆயினும் அனாமாக்ஸை அதன் கலத்தோடு மட்டும் நிறுத்தி மதிப்பிடுவது நியாயமாகாது. கசடை நுண்ணுயிர்கள் காற்றின்றிச் செரிக்கும் தொட்டியான கசடு செரிப்பானிலிருந்து வடியும், அம்மோனியா செறிந்த, வெதுவெதுப்பான நீரைத் தனியே சுத்திகரிப்பதால் பிரதான தொட்டிகளின் நைட்ரஜன் சுமை குறைகிறது. அங்குள்ள கார்பன் மீதி நைட்ரேட்டுக்குப் போதுமானதாகிறது. முதல் வழியின் முற்றுப்பெறாத கடைசிப் படியும் ஓரளவு சரியாகிறது. குளிர்ந்த, நீர்த்த பிரதான கழிவுநீரில் இதே முறையைப் பரிந்துரைக்க நான் தயங்குவேன். மெதுவாக வளரும் அந்த பாக்டீரியாக்களை அங்கே தக்கவைப்பதும், நைட்ரைட்டை நைட்ரேட்டாக்கும் போட்டி இனங்களை அடக்குவதும் எளிதல்ல.

எந்த முறையாயினும் சில நாள் அளவீட்டை வைத்து வாதிடுவோரிடம் எச்சரிக்கை வேண்டும். நைட்ரஸ் ஆக்சைடு வெளியேற்றம் பருவத்துக்குப் பருவம் பெரிதும் மாறுகிறது. பாறைக்குள் குடைந்து கட்டப்பட்ட ஹெல்சிங்கியின் வீக்கின்மாகி நிலையம், தன் காற்று முழுவதையும் புகைபோக்கி வழியே வெளியேற்றுவதால் ஆண்டு முழுதும் அளக்க வாய்த்தது. திறந்த தொட்டிகளில் மிதக்கும் மூடிகளை வைத்துத்தான் அளக்க வேண்டியிருக்கிறது.

நைட்ரஜனை நீக்காமலே விட்டுவிடுவது நான்காவது தேர்வாகச் சிலருக்குத் தோன்றலாம். நீர்நிலைக்குச் செல்லும் நைட்ரஜனுக்கு ஐபிசிசியின் இயல்பு மதிப்பு 0.5 சதவீதம் மட்டுமே என்பதால், தாளில் நதி சுத்திகரிப்புத் தொட்டியை வென்றுவிடும். ஆனால் ஊட்டச்சத்து மிகுந்து ஆக்சிஜன் குன்றிய நீர்நிலைகளுக்கு அதே 2019 ஆவணம் 1.9 சதவீதம் என்கிறது. நைட்ரஜன் நீக்கம் கட்டாயமாக்கப்படுவது பெரும்பாலும் இத்தகைய நீர்நிலைகளைக் காக்கத்தான்.