தோல் இருக்கையும் பேராக் மழையும்: ஐந்தாண்டுப் பயன்பாட்டுக்குப் பிறகு

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மிதிவண்டி ஓட்டத்தை முடித்துவிட்டு, மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள சுங்கை சிப்புட் பட்டணத்தில் பசியாறிக்கொண்டிருந்தபோது, எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பி ஒருவர் தம் கைப்பேசியை என்னிடம் நீட்டினார். ஐந்து ஆண்டுகளாக நான் பயன்படுத்திவரும் அதே தோல் இருக்கை, நான் கொடுத்த 460 வெள்ளிக்கு (ரிங்கிட்) பதிலாக 290 வெள்ளி என்ற விலையில் அதில் இருந்தது. "அண்ணே, வாங்கிடலாமா? எவ்வளவு தூரம் போனாலும் நீங்க மட்டும் நெளியாம உட்கார்ந்திருக்கீங்களே" என்று கேட்டார். அவருக்கு அன்று நான் விடை சொல்லவில்லை. அதற்கு இரண்டு நாள் முன்புதான், மழையில் ஊறி உருக்குலைந்த அந்த இருக்கையைச் செருப்புத் தைக்கும் பெரியவரிடம் கொடுத்துச் சீர்செய்து வாங்கி வந்திருந்தேன். கோபத்தோடு சொல்லும் விடை நியாயமாக இருக்காது என்று தோன்றியது. நான்கு வாரம் கழித்து இப்போது எழுதுகிறேன். கோபம் முழுவதும் ஆறிவிட்டது என்று சொல்ல மாட்டேன்.

முதலில் அதன் நன்மையைச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அது உண்மையான நன்மை. இதற்கு முன் மூன்று இருக்கைகளில் நான் வலியோடு ஓட்டியிருக்கிறேன். மிதிவண்டியோடு வந்த இருக்கை முதலாவது. அதன்மேல் ஜெல் உறை போட்டுப் பார்த்தது இரண்டாவது முயற்சி. கையால் அழுத்திப் பார்க்கும்போது மெத்தை போல இருக்கும் அந்த ஜெல், 30 கிலோமீட்டருக்குப் பிறகு மரத்துப்போகும் உணர்வைக் கொடுத்தது. காரணம் எளியது. நாம் இருக்கையில் உட்காரும்போது உடம்பின் பாரத்தைத் தாங்க வேண்டியவை இடுப்பெலும்பின் அடியில் இருக்கும் இரண்டு முனைகள். இருக்கை மிகவும் மென்மையாக இருந்தால் அந்த முனைகள் உள்ளே புதைந்துவிட, நடுவில் இருக்கும் மெத்தை மேலெழுந்து, கால்களுக்கு இடையிலுள்ள மென்மையான பகுதியையும் அதன் வழியாகச் செல்லும் நரம்பையும் இரத்தக் குழாய்களையும் அழுத்துகிறது. வலி வருகிறது என்று இன்னும் மென்மையான இருக்கையைத் தேடுபவர் அதே வலியை இன்னும் அதிகமாக விலைக்கு வாங்குகிறார்.

மூன்றாவதாக வாங்கியது பந்தயக்காரர்கள் வைத்திருப்பது போன்ற ஒடுக்கமான, கடினமான இருக்கை. அதுவும் வலித்தபோதுதான் அளந்து பார்க்க வேண்டும் என்ற எண்ணம் வந்தது. மளிகைக்கடைப் பெட்டியிலிருந்து நெளிவுள்ள அட்டையை ஒரு துண்டு வெட்டி, அதைப் படிக்கட்டின் மேல் வைத்து, மிதிவண்டியில் குனிவது போல முன்னே சாய்ந்து, அரை நிமிடம் அசையாமல் உட்கார்ந்து எழுந்தால் இரண்டு குழிகள் தெரியும். ஒரு குழியின் நடுவிலிருந்து மற்றக் குழியின் நடுவரை அளந்தால், எனக்கு 122 மில்லிமீட்டர். எலும்பு முனைகள் இருக்கையின் விளிம்பில் நிற்காமல் உள்ளே அமர வேண்டுமானால் இந்த அளவோடு ஏறத்தாழ 20 முதல் 30 மில்லிமீட்டர் வரை சேர்த்துக்கொள்ள வேண்டும். நிமிர்ந்து ஓட்டுபவருக்கு இன்னும் சற்று அதிகம் தேவை. நான் அதுவரை ஓட்டிய இருக்கையின் மொத்த அகலம் 130 மில்லிமீட்டர். இரண்டு ஆண்டுகளாக விளிம்பில் உட்கார்ந்துகொண்டு, காற்சட்டையையும் களிம்பையும் மாற்றி மாற்றிப் பார்த்திருக்கிறேன் என்பது அப்போதுதான் புரிந்தது.

தோல் இருக்கைகளில் பெரும் பெயர் பெற்றது இங்கிலாந்தின் புரூக்ஸ். 1866-இல் பர்மிங்காம் நகரில் தொடங்கிய அந்த நிறுவனத்தின் பி17 என்ற இருக்கை பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து இன்றுவரை செய்யப்படுகிறது. நான் வாங்கியது அது அன்று. அதே அமைப்பைப் பின்பற்றி வேறொரு நிறுவனம் செய்தது. அகலம் 170 மில்லிமீட்டர். இந்த அமைப்பில் அடிப்பலகையும் கிடையாது, பஞ்சும் கிடையாது. தடித்த தோல் ஒன்று, முன் மூக்கிலிருந்து பின் தகடு வரை, குழந்தைக்குக் கட்டும் தூளியைப் போல இழுத்துக் கட்டப்பட்டிருக்கும். இரண்டு முனையிலும் செப்பு ஆணிகள் அதைப் பிடித்திருக்கும். தோல் எங்கே பாரம் விழுகிறதோ அங்கே மெல்ல மெல்லத் தாழ்ந்து கொடுக்கிறது. எனக்கு ஏறக்குறைய 700 கிலோமீட்டர் ஆன பிறகு இரண்டு எலும்புகளுக்கும் இரண்டு ஆழமற்ற குழிகள் விழுந்தன. அதன் பிறகு இருக்கை என்ற ஒன்று இருப்பதையே உடம்பு மறந்துவிட்டது.

மூக்கை நூல் அளவுக்கு மேல்நோக்கி வைக்க வேண்டும் என்பதை மட்டும் சேர்த்துக்கொள்கிறேன். சமமட்டமாக வைத்தபோது உடம்பு முன்னால் வழுக்கிக்கொண்டே இருந்தது, கைகள் பாரத்தைத் தாங்கி மணிக்கட்டு வலித்தது. இருக்கையை ஒரு பாகை நிமிர்த்தியதும் மணிக்கட்டு வலி போயிற்று.

எங்கள் வழக்கமான நீண்ட ஓட்டம் செம்பனைத் தோட்டங்களின் ஓரமாகக் காராய் வரை போய், 1900-இல் திறக்கப்பட்ட விக்டோரியா இரயில் பாலத்தின் நடைபாதையில் பேராக் ஆற்றைக் கடந்து, கோலாகங்சார் வழியாக மானோங் பக்கம் ஆற்றை ஒட்டிச் சென்று திரும்புவது. தோட்டத்துக் குறுக்குப் பாதைகளையும் சேர்த்தால் எனக்கு 90 கிலோமீட்டர் ஆகிறது. தோட்டச் சாலைகளில் செம்மண்ணும் சரளையும் கலந்து கிடப்பதால் அதிர்வு அதிகம். அந்த ஓட்டத்தின் கடைசி 20 கிலோமீட்டரில் மற்றவர்கள் எழுந்து நின்று மிதிக்கும்போது நான் உட்கார்ந்தே வந்திருக்கிறேன். தம்பி பார்த்தது அதைத்தான், அது பொய்யில்லை.

இனி மழை.

நம் பக்கத்தில் ஆண்டு முழுவதும் மழை உண்டு என்றாலும், பருவக்காற்று மாறும் ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் இடிமழை நாள் தவறாமல் வரும். விடியற்காலையில் கிளம்பி நண்பகலுக்குள் திரும்பிவிடலாம் என்று திட்டமிட்டாலும் சக்கரத்தில் காற்றுப் போனால், ஒருவருக்குக் கால் பிடித்துக்கொண்டால், திரும்பும் வழியில் மழை பிடித்துவிடும். ஈரமான தோலின்மேல் உட்கார்ந்து ஓட்டினால் தோல் நெகிழ்ந்து தொங்கிப்போகும். ஒருமுறை அப்படி நீண்டுவிட்டது பழைய நிலைக்கு வராது. இது ஒரு நிறுவனத்தின் தவறு இல்லை, தோலின் இயல்பு. தோட்டத்துக் கோயில் திருவிழாக்களில் தப்படிப்பவர்களைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. காற்றில் ஈரம் ஏறினால் தப்பின் தோல் தொய்ந்துபோகும். அடிப்பதற்கு முன் சருகைக் கொளுத்தி, அந்தத் தீயில் காட்டி, தோலை இறுக்கி எடுப்பார்கள். இருக்கைத் தோலை அப்படித் தீயில் காட்ட முடியாது. மரப்பட்டைச் சாற்றில் பதனிட்ட அந்தத் தோல் சூட்டில் சுருங்கி விறைத்துவிடும். வெயிலில் காய வைப்பதும் கூடாது. நிழலில், காற்றோட்டமான இடத்தில், தானாகக் காயும்வரை காத்திருக்க வேண்டும். அடைமழைக் காலத்து வீட்டுக்குள் அது காய எனக்கு மூன்று நாள் ஆகியிருக்கிறது.

ஆகவே ஐந்து ஆண்டுகளாக நான் மழையைப் பார்த்தபடி ஓட்டுகிறேன். முதுகுப் பையில் எப்போதும் இரண்டு பிளாஸ்டிக் பைகள் இருக்கும். மானோங் சாலையில் மேகம் கறுத்தால் மற்றவர்கள் வேகத்தைக் கூட்டுவார்கள். நான் இறங்கி, இருக்கைக்குப் பை கட்டி, அந்த வழுக்கும் பையின்மேல் உட்கார்ந்து மிதிப்பேன். சுகமாக ஓட்டுவதற்கென்று வாங்கிய இருக்கையின் சுகம், மழை தொடங்கிய நிமிடமே இல்லாமல் போகிறது. பத்து நாள் உறவினர் வீட்டுக்குப் போய்த் திரும்பிய ஒருமுறை, கொட்டகையில் இருந்த இருக்கை முழுவதும் வெள்ளையும் பச்சையுமாகப் பூஞ்சணம் பூத்திருந்தது. உலர்ந்த துணியால் துடைத்து, காற்றாட வைத்து, கொழுப்பும் தேன்மெழுகும் கலந்த பூச்சைத் தடவி மீட்டேன். அன்றிலிருந்து அது வீட்டுக் கூடத்தில்தான் இருக்கிறது. அது மாட்டுத்தோல் என்று தெரிந்த நாளில், சாமி மேடைப் பக்கம் அதைக் கொண்டுவரக் கூடாது என்று அம்மா சொல்லிவிட்டார். அவர் சொன்னது சரி, நான் இடத்தை மாற்றிக்கொண்டேன்.

சென்ற மாதம் நடந்தது இதைவிட மோசம். கோலாகங்சாரிலிருந்து திரும்பும்போது பைக்குள்ளும் தண்ணீர் இறங்கி, ஒன்றரை மணி நேரம் ஊறிய தோலின்மேல் ஓட்டினேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் நடுப்பகுதி தொட்டில்போல் இறங்கி, இரண்டு பக்க விளிம்புகளும் வெளியே விரிந்து தொடையில் உரசும் நிலைக்கு வந்திருந்தன. மூக்கின் அடியில் தோலை இறுக்க ஒரு திருகாணி உண்டு. அதைக் கால் சுற்று, கால் சுற்றாகத்தான் திருப்ப வேண்டும், அளவு மீறினால் ஆணி பிடித்திருக்கும் இடத்தில் தோல் கிழியும். நான் ஒரு சுற்று முழுவதும் திருப்பியும் தொய்வு போகவில்லை. சந்தைக்கு அருகில் செருப்புத் தைக்கும் பெரியவர்தான் அதைக் காப்பாற்றினார். இரு விளிம்புகளிலும் ஐந்து ஐந்து துளைகள் போட்டு, மெழுகு தடவிய நூலை அடியில் குறுக்கும் நெடுக்குமாக இழுத்துக் கட்டினார். கூலி 15 வெள்ளி. இதற்கு முன் இப்படி ஒரு பொருளை அவர் பார்த்ததில்லை என்றாலும், தோலைத் தடவிப் பார்த்த மாத்திரத்தில் எங்கே நூல் போக வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அந்தக் கைத்திறனை எவ்வளவு பாராட்டினாலும் தகும். இப்போது இருக்கை முன்பிருந்த சுகத்தில் பத்தில் ஒன்பது பங்கு தருகிறது.

தோலுக்கு மாற்று இல்லையா என்றால், இருக்கிறது. அது நம் ஊரோடு தொடர்புடையது என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். அதே புரூக்ஸ் நிறுவனம் 2013-இல் கேம்பியம் என்ற வரிசையை வெளியிட்டது. தோலுக்குப் பதிலாக, கந்தகம் சேர்த்துச் சூட்டில் உறுதியாக்கிய இயற்கை ரப்பரை அதே தூளி முறையில் இழுத்துக் கட்டி, மேலே பருத்தித் துணி ஒட்டிய இருக்கை அது. குழுவில் ஒருவரிடம் இருந்ததை இரண்டு மாதம் இரவல் வாங்கி ஓட்டினேன். பழக்குவதற்கென்று நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தேவையில்லை. நனையலாம், துடைக்கலாம், மறக்கலாம். மழையில் நனைந்துகொண்டே, வானத்தைப் பார்க்காமல் வீடு வந்து சேர்ந்த அந்த ஒரு ஞாயிறு எனக்கு எவ்வளவு விடுதலையாக இருந்தது என்பதைச் சொல்லில் கொண்டுவருவது கடினம்.

அம்மா 26 ஆண்டுகள் பால்மரம், அதாவது ரப்பர் மரம், சீவியவர். அந்த இருக்கையின் பெயருக்கு என்ன பொருள் என்று கேட்டார். மரத்தின் பட்டைக்கும் கட்டைக்கும் நடுவில் இருக்கும், மரத்தை வளர்க்கும் மெல்லிய படலத்தின் பெயர் அது என்றேன். பெயர் அவருக்குப் புதிது. பொருளை அவர் எனக்கு விளக்கினார். கத்தி அந்தப் படலத்தைத் தொடாமல் ஒரு மயிரிழைப் பட்டையை விட்டுச் சீவ வேண்டும், தொட்டால் மரத்துக்குக் காயம், காயம்பட்ட இடத்தில் பட்டை முண்டுமுண்டாக வளரும், அடுத்த முறை அங்கே சீவ முடியாது, கங்காணி சும்மா விட மாட்டார் என்றார். 1877-இல் கோலாகங்சாரில் ரப்பர்க் கன்றுகளை நட்டார்கள். அன்று நட்டவற்றுள் ஒன்று என்று ஒரு முதிய மரத்தை இன்றும் அங்கே காட்டுகிறார்கள். ஞாயிறுதோறும் நாங்கள் போகும் வழி அது. மழை பெய்தால் பட்டை நனைந்து பால் வழிந்தோடிவிடும், அன்று வேலை இல்லை, கூலியும் இல்லை என்று மழையை வெறுத்த ஒரு தலைமுறை சேகரித்த பொருள், இப்போது மழைக்கு அஞ்சாத இருக்கையாக வருகிறது. இதை நினைத்தபோது ரப்பர் இருக்கையே எனக்கும் சிறந்தது என்று இருந்துவிடக் கூடாதா என்று ஏங்கினேன்.

ஆனால் ரப்பர் ஒருவரின் உருவத்தை ஏற்றுக்கொள்வதில்லை. முதல் நாள் இருந்தது போலவே இறுதிவரை இருப்பதுதான் அதன் குணம். தோல் என் எலும்பை அறிந்து குழிந்தது. 60 கிலோமீட்டர் வரை இரண்டுக்கும் எனக்கு வேறுபாடு தெரியவில்லை, அதற்கு மேல் தெரிந்தது.

ஆகையால், தம்பி, என் விடை இதுதான். 290 வெள்ளிக்கு வந்தாலும், அதற்குக் கீழே இறங்கினாலும், அந்தத் தோல் இருக்கையை வாங்க வேண்டாம். உடம்புக்கு அதைவிட நல்ல இருக்கையில் நான் உட்கார்ந்ததில்லை என்பதை மேலே எழுதிவிட்டேன், அதை மாற்றிக்கொள்ளவில்லை. ஆனால் ஆண்டில் பாதி நாள் மேகத்தைப் பார்த்தபடி ஓட்டுவதற்கு உங்கள் வயதில் ஒருவர் பழகிக்கொள்ளக் கூடாது. ரப்பர் இருக்கை அதைவிட விலை கூடுதல். இரண்டு மாதம் காத்திருந்து பணம் சேர்த்து அதை வாங்குங்கள். என்னுடையதைத் தரமுடியுமா என்று இரண்டாவது முறை கேட்டிருந்தீர்கள். அது முடியாது. அந்தக் குழிகள் 122 மில்லிமீட்டர் இடைவெளியில் விழுந்தவை, உங்களுக்குப் பொருந்தாது. பொருந்தினாலும் நான் கொடுப்பதாக இல்லை. ஞாயிறு காலை ஐந்தரை மணிக்குச் சற்று முன்னதாகவே வந்துவிடுங்கள், நெளிவட்டை கொண்டு வருகிறேன். எந்த இருக்கை வாங்குவது என்பதற்கு முன்னால் உங்கள் அகலத்தை அளந்துவிடுவோம்.