வஹாகாவா, பாட்ஸ்குவாரோவா, மெக்ஸிகோ சிட்டியா: இறந்தவர்கள் வரும் இரவுக்கு எங்கே போவது?

செல்லுபடியாகும் அமெரிக்க விசா இருந்தால் இந்திய பாஸ்போர்ட்டுக்குத் தனியாக மெக்ஸிகோ விசா தேவையில்லை. அதனால் டல்லாஸ், ஹூஸ்டன் பக்கம் இருக்கும் நண்பர்கள் அக்டோபர் பிறந்ததும் கேட்க ஆரம்பித்துவிடுவார்கள்: தியா தே முயெர்த்தோஸ், அதாவது இறந்தவர்கள் வீட்டுக்குத் திரும்பி வருவதாக மெக்ஸிகோக்காரர்கள் கொண்டாடும் பண்டிகை, அதைப் பார்க்க எந்த ஊருக்குப் போவது? (அக்டோபரில் கேட்பதே தாமதம், ஊருக்குள் நல்ல அறைகள் எல்லாம் கோடையிலேயே போயிருக்கும்.) இரண்டு தடவையாகப் போய் மூன்று இடங்களையும் பார்த்தவன் என்கிற முறையில் சொல்கிறேன். மூன்றும் ஒரே பண்டிகை மாதிரியே இருக்காது.

பண்டிகையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நம்மூர்க் கத்தோலிக்கர்கள் கல்லறைத் திருநாள் வைக்கிற அதே நவம்பர் 2. அதற்கு முந்தைய நாள் சிறு வயதிலேயே போய்விட்ட குழந்தைகளுக்கு, 2ஆம் தேதி பெரியவர்களுக்கு. வீட்டில் படத்தை வைத்து, போனவருக்குப் பிடித்த சாப்பாடு, ரொட்டி, மெழுகுவத்தி, ஒரு தம்ளர் தண்ணீர் எல்லாம் படைத்து, கோபால் என்ற பிசினைப் புகைப்பார்கள், கிட்டத்தட்ட சாம்பிராணிதான். பூ மட்டும் கொஞ்சம் ஆச்சரியம். செம்பசூச்சில் என்று அவர்கள் கொண்டாடுவது ஆயுதபூஜைக்கு நம் சந்தைகளில் மூட்டை மூட்டையாக இறங்கும் செண்டுமல்லி. அது அவர்கள் ஊர்ப் பூ, கடல் தாண்டி நம்மிடம் வந்தது.

சரி, மெக்ஸிகோ சிட்டி. அங்கே எல்லாரும் போவது ரெஃபோர்மா சாலையில் நடக்கும் பெரிய ஊர்வலத்துக்கு. ராட்சத எலும்புக்கூடு பொம்மைகள், நடனக்காரர்கள், லட்சக்கணக்கில் கூட்டம். ஆனால் 2015இல் வந்த ஒரு ஜேம்ஸ் பாண்ட் படத்தில் இப்படி ஓர் ஊர்வலத்தைக் கற்பனையாகக் காட்டினார்கள், அதைப் பார்த்துவிட்டு நகரம் 2016இல் நிஜமாகவே தொடங்கியதுதான் இது. அதற்காக மட்டம் என்று சொல்லமாட்டேன், குழந்தைகளோடு போனால் இதைவிட வசதியானது எதுவும் இல்லை. ஆனால் செத்தவர்களுக்கும் இதற்கும் சம்பந்தம் குறைவு. இந்த நகரத்தில் நான் போகச் சொல்வது தென்கிழக்கு ஓரத்தில் இருக்கும் மிஸ்கிக்குக்கு. நவம்பர் 2 மாலை கோயில் மணி அடிக்க அடிக்க, கோயிலை ஒட்டிய கல்லறைகளில் ஒவ்வொன்றாக மெழுகுவத்தி ஏற்றுவார்கள். லா அலும்ப்ராதா என்று பெயர். வெளியே தெருவெல்லாம் தின்பண்டக் கடையும் இரைச்சலுமாகத் திருவிழாக் கூட்டம் நெரியும், வாசலைத் தாண்டினால் புகையும் வெளிச்சமும் மட்டும்தான். திரும்பி வரும் போக்குவரத்து நெரிசலுக்கு மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

பாட்ஸ்குவாரோ ஏரி மிச்சோவகான் மாநிலத்தில், 2,000 மீட்டருக்கு மேலே. நவம்பர் 1 இரவு முழுக்கப் புரேபேச்சா இனப் பெண்கள் கல்லறை ஓரத்தில் சால்வையைப் போர்த்தி உட்கார்ந்திருப்பார்கள். அதிகம் பேச்சில்லை, அவசரமில்லை. மூன்று இடங்களில் மனதை அதிகம் பிசைந்தது இதுதான், குளிரில் அதிகம் நடுங்கியதும் இங்கேதான். ஹனிட்சியோ தீவைத்தான் எல்லாப் புகைப்படங்களிலும் பார்த்திருப்பீர்கள். பட்டாம்பூச்சி வடிவ வலையோடு படகில் நிற்கும் மீனவர்கள் இப்போது பெரும்பாலும் சுற்றுலாக்காரர்களுக்காகத்தான் வலை வீசுகிறார்கள், தீவுக்குப் படகேற வரிசை, இறங்க வரிசை, கல்லறைத் தோட்டத்தில் குடும்பங்களைவிட கேமராக்கள் அதிகம். தீவை விட்டுவிட்டுக் கரையிலேயே இருக்கும் ட்சின்ட்சுன்ட்சானுக்குப் போங்கள். அங்கேயும் கூட்டம் உண்டு, ஆனால் இடம் பெரிது, விலகி நிற்கலாம். ஒரு விஷயத்தை மறைக்கக் கூடாது: குற்றக் கும்பல்கள் காரணமாக அமெரிக்க அரசு தன் குடிமக்களைப் போகவேண்டாம் என்று எச்சரிக்கும் மாநிலங்களில் மிச்சோவகானும் ஒன்று. நாங்கள் பகலிலேயே பஸ்ஸில் போய்ச் சேர்ந்தோம், உள்ளூர் ஓட்டுநரை வைத்துக்கொண்டோம், ஒரு தொல்லையும் இல்லை. ஆனாலும் வயதான அப்பா அம்மாவை அழைத்துப் போக நான் யோசிப்பேன்.

தெற்கு மெக்ஸிகோ நகரமான வஹாகாவில் சத்தம், அமைதி இரண்டும் ஒரே இரவில் கிடைக்கும். அக்டோபர் 31 இரவு நகரத்தை ஒட்டிய ஹோஹோகோட்லானில் (உள்ளூரில் செல்லமாக ஹோஹோ!) பழைய கல்லறைத் தோட்டம் முழுக்க மெழுகுவத்தியும் செண்டுமல்லியும். ஒரு குடும்பம் கல்லறைமேல் துணி விரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும், பக்கத்துக் கல்லறைக்குக் கூலி பேசி வந்த பாட்டுக்காரர்கள் செத்தவருக்குப் பிடித்த பாட்டைப் பாடுவார்கள், அதற்கும் பக்கத்தில் ஒரு கிழவர் தனியாக, கையில் மெஸ்கல் என்ற உள்ளூர்ச் சாராயக் கோப்பையோடு. மறுநாள் இரவு எத்லா பக்கம் முயெர்த்தியாதா: சலங்கையும் கண்ணாடியும் தைத்த உடுப்புகளில் ஆட்கள், பின்னால் பித்தளை வாத்தியக் குழு, விடிய விடியத் தெருத்தெருவாக ஆட்டம். பகலில் சந்தைக்குப் போய் முகம் பதித்த சாவு ரொட்டியை வாங்கிச் சூடான சாக்லேட்டில் தோய்த்துத் தின்னுங்கள். மெக்ஸிகோ சிட்டியில் கிடைப்பது எலும்பு வடிவம் வைத்துச் சர்க்கரை தூவிய வட்ட ரொட்டி, அதுவும் நன்றாகத்தான் இருக்கும், எனக்கென்னவோ வஹாகா ரொட்டிதான். சைவக்காரர்கள் கவனிக்க: ரொட்டியில் முட்டை, மோலே குழம்பில் பெரும்பாலும் கோழிச்சாறு.

வஹாகாவின் குறை அதன் புகழ். எலும்புக்கூடு முகம் வரைந்துகொண்டு நம்மைப் போல வந்தவர்கள் உள்ளூர்க்காரர்களுக்குச் சமமாக இருப்பார்கள், சில கல்லறைப் பாதைகளில் நகரவே முடியாது. பத்து மணிக்குக் கிளம்பிவிடும் சுற்றுலா வண்டிக் கூட்டத்தைப் போகவிட்டு, அதற்கப்புறம் ஒரு மணி நேரம் இருந்து பாருங்கள்.

நான்காவதாக மெரிதாவைச் சொல்பவர்களும் உண்டு. யூக்கத்தான் மாயர்களின் ஹனல் பிஷான் முழுக்கச் சாப்பாட்டுப் பண்டிகை, வாழை இலையில் சுற்றி மண்ணுக்குள் புதைத்துச் சுடும் சோளமாவு-கோழிப் பிப்புக்காகவே போகலாம். அதே யூக்கத்தான் பக்கம் கடற்கரைச் சுற்றுலா ஊரான கான்கூனில் ஏற்கெனவே இருப்பவர்களுக்குச் சரி, இதற்காகவே விமானம் ஏறுபவர்களுக்கு நான் சொல்லமாட்டேன்.

முதல் தடவை போகிறவர்களுக்கு என் ஓட்டு வஹாகாவுக்கு. முன்பே ஒரு தடவை போனவர், கூட்டம் பிடிக்காதவர், குளிர் தாங்குபவர் என்றால் ட்சின்ட்சுன்ட்சான். ஒரே ஒரு மாலைதான் கையில் இருக்கிறதா, மிஸ்கிக். தூக்கத்தை விடத் தயார் என்றால் 31 ஹோஹோ, 1 எத்லா, 2ஆம் தேதி காலை விமானத்தில் ஒரு மணி நேரத்தில் மெக்ஸிகோ சிட்டி, மாலை மிஸ்கிக். நாங்கள் இரண்டாம் தடவை அப்படித்தான் செய்தோம். எங்கே போனாலும் கல்லறையோரம் உட்கார்ந்திருப்பவர்களிடம் கேட்காமல் படம் எடுக்காதீர்கள். வாசலில் ஒரு மெழுகுவத்தி வாங்கிப் போய், யாரும் வராத கல்லறை ஒன்றில் ஏற்றிவிட்டு வாருங்கள். அப்படிச் சில எப்போதும் இருக்கும்.