இரும்பு ஹெட்டா, அலுமினிய ஹெட்டா? நம்ம உப்புக்காத்து ஊருக்கு எது ஒத்துவரும்

பழைய கார் வாங்குற தம்பிங்க ராமநாதபுரம் கடலோரத்துல மண்டபம், கீழக்கரை பக்கம் அடிக்கடி கேக்குறது இதான். ஹெட்டுங்கிறது இன்ஜின் சிலிண்டருக்கு மேல மூடி மாதிரி இருக்குற பாகம். முதல்ல அடையாளம்: ஹெட்டுல காந்தத்த வச்சுப் பாருங்க, ஒட்டுனா இரும்பு, ஒட்டலன்னா அலுமினியம். பழைய அம்பாசடரோட 1489 சிசி பெட்ரோல் இன்ஜின் இரும்பு ஹெட், மாருதி 800 அலுமினியம்.

எடை: இரும்பு கனம், கழட்ட ரெண்டு ஆளு வேணும். அலுமினியத்த ஒருத்தரே தூக்கிரலாம்.

சூடு: அலுமினியம் சூட்ட சீக்கிரம் கடத்திரும், ஆனா இரும்ப விட ஏறக்குறைய ரெண்டு மடங்கு விரியும், அதனால ஒருதடவ தண்ணி வத்தி ஓவர்ஹீட் ஆனாலே வளைஞ்சு கேஸ்கெட் (ஹெட்டுக்கும் இன்ஜினுக்கும் நடுவுல ஒழுகாம அடைக்குற தகடு) போயிரும், அப்புறம் லேத்துல கொடுத்து ஃபேசிங் போடணும், அதாவது அடிப்பக்கத்த சீவி சமமாக்கணும். இரும்பு கொஞ்சம் தாங்கும், ரொம்ப மீறுனா அதுவும் விரிசல்தான்.

தண்ணி: இங்கதான் விஷயமே இருக்கு. நம்ம போர் தண்ணி பல இடத்துல உப்பு. அத ரேடியேட்டர்ல ஊத்துனா இரும்பு துருப்பிடிக்கும், அலுமினியம் உள்ளுக்குள்ளயே அரிச்சு தண்ணிப்பாதை ஓரம் குழி விழுந்துரும், வெளிய பாத்தா பளபளன்னு இருக்கும் பாருங்க, அதான் ஏமாத்து வேலை. டிஸ்டில்ட் வாட்டர்ல கலந்த கூலன்ட் (துருவும் அரிப்பும் வராம இன்ஜின் சூட்டக் கொறைக்குற திரவம்) மட்டும்தான் ஊத்தணும்.

மைலேஜ்: ஹெட்ட மட்டும் வச்சு சொல்லிர முடியாது, ஆனா எடை கம்மிங்கறதால அலுமினியத்துக்குக் கொஞ்சம் சாதகம்தான்.

தினமும் ராமேஸ்வரத்துக்கும் ராமநாதபுரத்துக்கும் ஓடுறவங்க, கூலன்ட் ஒழுங்கா மாத்துறவங்க அலுமினியமே எடுங்க. எப்பவாச்சும் ஆசைக்கு எடுத்து ஓட்ட பழைய வண்டின்னா இரும்பு ஹெட் போதும், ஆனா வாங்கும்போது ரேடியேட்டர் மூடியத் திறந்து தண்ணி நெறத்தப் பாக்காம அட்வான்ஸ் கொடுத்துராதீங்க.